முப்பத்திரண்டாவது பெட்டி

நவம்பர் 9, சனி

ஸ்வோபோடா பண்ணை ஏலம். காலை ஏழுக்கே போய்விட்டேன். கிழவர் இறந்து ஆறு வாரம். நிலத்தடி அறையில் இருந்ததையெல்லாம் மேலே ஏற்றி ஒரு தட்டுவண்டியில் பரப்பியிருந்தார்கள். ஊறுகாய்ப் பாட்டில்கள், மீன்தூண்டில்கள், நடுவில் அந்தத் தோட்டா மெஷின், காலிக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்குவது. 1953இல் செய்தது. பச்சை வண்ணம் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. சுழல்தட்டைக் கையால் திருப்பிப் பார்த்தேன். டிக். டிக். டிக். ஒவ்வொரு நிலையிலும் தாழ்ப்பாள் விழுவதுபோல் நின்றது.

என்னிடம் இருக்கும் ஏழில் ஒன்று இதே வகை. அதன் தட்டை நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்து இரண்டு வருடமாகிறது. இந்த ஸ்பிரிங்கை இப்போது உலகத்தில் யாரும் செய்வதில்லை. மூன்று மாநிலங்களில் பழைய உதிரிபாகங்கள் போட்டு வைத்த காபி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் துழாவிவிட்டேன்.

மெஷின் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பார்சல் கிடங்கின் மேலாளர் கர்ட்டிஸ் ஹோம்குவிஸ்ட் எடுத்துக்கொண்டார். செல்போனைப் பார்த்துக்கொண்டே விரலைத் தூக்கினார். நான் விலகிய பிறகும் ஒரு முறை தூக்கினார். தன்னையே எதிர்த்து ஏலம் கேட்ட மனிதரை இன்றுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 13

ஸ்கேனர் வரிசையில் நிற்கும்போது கர்ட்டிஸ் வந்தார்.

"வானெக், உனக்கு இந்தப் பழைய மெஷினெல்லாம் அத்துப்படியாமே. என்னுதைக் கொஞ்சம் துடைச்சுக் குடு. நன்றித் திருநாளுக்கு முன்னாடி வேணும்."

"அடுத்த மாசம்னா நிதானமா செய்யலாம்."

"நிதானமாவா? அது எந்த ஊர்ல கிடைக்குது?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியவில்லை.

நவம்பர் 20

அறுபது மணி நேர வாரம். கட்டாய ஓவர்டைம். காலை நாலுக்குப் போய்ப் பிற்பகல் திரும்புகிறேன். கர்ட்டிஸ் மெஷினைப் பிரித்தேன். கழற்றிய வரிசையிலேயே மஃபின் கேக் சுடும் தட்டின் பன்னிரண்டு குழிகளில் பாகங்களைப் போடுவது என் வழக்கம். மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். கெட்டுப்போன கிரீஸ் தேன்பாகு மாதிரி வந்தது. வண்ணத்தைப் பளபளப்பாக்கச் சொல்லியிருந்தார். தொடவில்லை. பழைய வண்ணத்தைச் சுரண்டியவனோடு பழைய மெஷின் சேர்க்கும் எங்கள் ஆட்கள் ஒரே மேஜையில் சாப்பிடமாட்டார்கள்.

நவம்பர் 24

ஒரு நேரத்தில் ஒரு மெஷின்தான் பிரிக்க வேண்டும். இந்த வேலையில் இருக்கும் ஒரே சட்டம். இன்று மீறினேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில் என்னுடையதையும் பிரித்தேன். இரண்டு ஸ்பிரிங்கும் பார்வைக்கு ஒன்றுதான். விரலால் அழுத்தினால்தான் வித்தியாசம். அவருடையது எதிர்த்து நிற்கிறது. என்னுடையது வழிவிடுகிறது.

மாற்றிப் போட்டால் அவருக்குத் தெரியுமா? தெரியாது. மாற்றவில்லை. எழுதி வைக்கிறேன். மாற்றவில்லை.

நவம்பர் 27

பதினோரு மணி நேரம் பார்சல் தள்ளிவிட்டு வந்து இரண்டையும் பூட்டினேன். அவருடையதை இருபது முறை இழுத்துப் பார்த்தேன். டிக் கேட்டது. கொஞ்சம் மெலிதாக. ஷெட்டில் குளிர், கிரீஸ் இறுகியிருக்கும். மாலையே வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். "டிக் கேக்கற வரைக்கும் தள்ளுங்க, அப்புறம் இழுங்க" என்றேன். "சரிப்பா, சரிப்பா" என்றார். நன்றி என்ற சொல் திருநாளுக்கு மட்டும்போல.

டிசம்பர் 8

என்னுடையதைத் துணி போட்டு மூடி வைத்ததோடு சரி. இன்னும் பார்க்கவில்லை. கைகள் மடங்க மறுக்கின்றன.

டிசம்பர் 23

வருடக் கடைசிப் பரிசு. போன வருடம் மளிகைக் கடை அட்டை கொடுத்தார்கள். இந்த வருடம் ஆளுக்கு ஒரு பெட்டி தோட்டா. ஐம்பது. கர்ட்டிஸ் தன் கையால் நிரப்பியது. முப்பத்தெட்டு ரகக் கைத்துப்பாக்கிக்கானது. பெட்டியில் சிவப்பு ரிப்பன். "உங்கள் உழைப்புக்கு என் உழைப்பு" என்று அச்சடித்த சீட்டு. முப்பத்தொரு பேர், முப்பத்தொரு பெட்டி.

பக்கத்து வரிசை லூயன் கையில் வாங்கி எடை பார்த்தாள். "இதைக் குழம்புல போடறதா, கறியில போடறதா?"

கர்ட்டிஸ் காதில் விழவில்லை. "எனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். மார்லிஸ் சுடக் கத்துக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டே போனார். மார்லிஸ் அவர் மனைவி.

எங்களோடு வேலை பார்க்கும் டாவோ ரென்டேரியாவிடம் துப்பாக்கியே கிடையாது. அவனுக்கும் ஒரு பெட்டி. சமத்துவம்.

டிசம்பர் 26

விடுமுறை. ஷெட்டில் துணியை எடுத்து என் மெஷினின் தட்டைச் சும்மா தள்ளினேன்.

டிக்.

தாழ்ப்பாள் விழுவதுபோல்.

இரண்டு வருடமாக இது இப்படிச் சத்தம் போட்டதில்லை. கையை எடுத்துவிட்டேன். வெளியே போய் நின்றேன். உள்ளே வந்து மறுபடி தள்ளினேன். டிக்.

அவருடைய ஸ்பிரிங் இங்கே இருக்கிறது. என்னுடையது அங்கே.

நானே எனக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன். கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் காலிக் கூட்டில் மருந்து விழும். பிறகு தட்டைக் கையால் ஒரு இடம் தள்ள வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் தட்டு நிற்காது, பின்னுக்கு நழுவும். அடுத்த இழுப்பில் அதே கூட்டில் மறுபடி மருந்து. மருந்து ஒரு சிட்டிகை, கூடு ஆழம். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. மேலே ஈயக்குண்டைச் சொருகிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். துப்பாக்கி பிளந்து.

ஆயிரத்து அறுநூறு தோட்டா நிரப்பியிருக்கிறார்.

நவம்பர் 24 அன்று எழுதியதைத் திருப்பிப் படித்தேன். "மாற்றவில்லை." இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். மாற்றாதவள் எதற்கு ரெண்டு தடவை எழுதணும்? களைப்பில் கை மாறிப் போட்டதா, இல்ல கைக்குத் தெரிஞ்சே போட்டுச்சா? தெரியலை. நிஜமாவே தெரியலை.

டிசம்பர் 27

கர்ட்டிஸ் அறை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆக, என் நல்ல ஸ்பிரிங் உன் மெஷின்ல. உன் ஓட்டை ஸ்பிரிங் என் மெஷின்ல."

"ஆமா."

"அதுக்குப் பேரு என்ன தெரியுமா வானெக்?"

"தெரியும். அதை அப்புறம் பேசிக்கலாம். பெட்டிங்களைத் திருப்பி வாங்கணும்."

"யார் யார்கிட்ட சொல்லியிருக்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"அப்படியே இருக்கட்டும். திரும்ப அனுப்பற சரக்கு குவிஞ்சு கிடக்கு. பதினஞ்சாம் தேதிக்கு மேல பார்ப்போம்."

"அதுக்குள்ள யாராவது சுட்டுட்டா?"

"இந்தக் குளிர்ல எவன் போய்ச் சுடப்போறான்?"

குளிர்காலத்தில்தான் ஆட்கள் துப்பாக்கியோடு கிளம்பும் நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்தவர் கேட்கிற கேள்வி.

டிசம்பர் 28

காலை மூன்று ஐம்பதுக்கு வருகைப்பதிவு மெஷின் முன்னால் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றேன். எல்லோரும் அங்கேதான் வந்தாக வேண்டும். சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். ஸ்பிரிங் எங்கே இருந்தது என்பதையும் சொன்னேன்.

பிறகு லூயன் கேட்டாள். "திருடினியா, மறந்தியா?"

"மறந்தேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா!"

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஆர்டெல் குசேரா கையுறையைக் கழற்றினான். "கிறிஸ்துமஸ் அன்னிக்கு நான் பன்னெண்டு சுட்டேன். இந்தா, விரல் பத்தும் இருக்கா எண்ணிக்கோ."

டாவோ, "நான் அந்தப் பெட்டியைக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். கதவுக்கு ஏதும் ஆபத்தா?" என்றான்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்காக அல்ல.

எட்டு மணிக்கு எச்சரிக்கைக் கடிதம். பணியிடத்தில் பீதி பரப்பியதாக. என்னை லாரி இறக்குமிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே குளிர் மைனஸ் பதினெட்டு.

ஜனவரி 2

முப்பது பெட்டி வந்துவிட்டது. என்னுடையதோடு சேர்த்து. ரிப்பனோடு வந்தவை பதினேழு. மிச்சம் ஒன்று ஓர்வல் டிப்ஸுடையது. அவர் லிங்கன் நகரத்தில் இருக்கும் மருமகனுக்குக் கொடுத்துவிட்டாராம். மருமகன் தொலைபேசியை எடுக்கவில்லை.

ஜனவரி 3

வேலை முடிந்ததும் லிங்கனுக்கு வண்டியை விட்டேன். எண்பது மைல், வழியெல்லாம் பனி. மருமகன் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"மாமா குடுத்ததைப் பிடுங்கிட்டுப் போக ஒரு பொண்ணை அனுப்பியிருக்காரா?"

"அனுப்பலை. நானா வந்தேன். சுட்டீங்களா?"

"நாளைக்குப் போறதா இருந்தேன்."

பெட்டியை வாங்கிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஓட்டாமலே இருந்தேன்.

ஜனவரி 4, சனி

எடை போட்டுக் கண்டுபிடிக்கலாமே என்று ஆர்டெல் கேட்டான். முடியாது. கர்ட்டிஸ் பத்து விதமான பழைய கூடுகளைக் கலந்து போட்டிருக்கிறார். கூட்டுக்குக் கூடு இருக்கும் வித்தியாசமே மருந்தின் எடையை விழுங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு சுத்தியல் உண்டு. அதன் உள்ளீடற்ற தலைக்குள் தோட்டாவைச் சொருகி மரக்கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். என்னிடம் ஐந்து இருந்தன. ஐந்தையும் விதவைகள் நடத்திய ஏலங்களில் வாங்கினேன். எதற்கு ஐந்து என்று அம்மா கேட்டதுண்டு.

நான் மட்டும் செய்வதாகத்தான் திட்டம். ஒன்பது மணிக்கு லூயன் வந்தாள், ஒரு பானை சில்லி என்ற பீன்ஸ் கறியும் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் எடுத்துக்கொண்டு. பிறகு ஆர்டெல். பிறகு டாவோ. மதியத்துக்குள் பதினான்கு பேர். "உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே" என்றாள் லூயன். "அடிக்கறதுக்கு ஏதாவது கிடைச்சாப் போதும்னு வந்தேன்."

ஷெட் முழுக்கச் சுத்தியல் சத்தம். ஆறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நிற்கிறோம். டாவோவுக்கு இரட்டைக் குழந்தைகள் என்று இன்றுதான் எனக்குத் தெரியும்.

ஜனவரி 5

ஆர்டெல் சுட்ட பன்னிரண்டு போக, ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தெட்டும் முடிந்தது. இரட்டை மருந்து இரண்டு. ஒன்று டாவோ கதவுக்கு முட்டுக் கொடுத்த பெட்டியில். இன்னொன்று லிங்கன் மருமகனுடையதில், மேல் வரிசையில் நான்காவது.

ஆர்டெல் வெளியே போய் நின்றுவிட்டு வந்தான்.

ஜனவரி 6

கர்ட்டிஸிடம் சொன்னேன்.

"ஆயிரத்தி ஐந்நூறுல ரெண்டா? நம்ம உடைசல் பார்சல் கணக்கு இதைவிட மோசம்."

"உங்க பெட்டி ஒண்ணு பாக்கி இருக்கு. முப்பத்திரண்டாவது."

"அதை எடை போட்டுப் பார்த்துட்டேன். கச்சிதமா இருக்கு."

"எடை போட்டாத் தெரியாது."

"ஸ்பிரிங் திருடறவ எனக்குப் பாடம் எடுக்கறா. போய் லாரியை இறக்கு."

சாப்பாட்டு வேளையில் லூயனிடம் சொன்னேன். "விட்டுத் தொலை. அவன் பெட்டி, அவன் கை" என்றாள்.

இறக்கினேன். நாள் முழுக்க. விட்டுவிடலாம் என்று தோன்றியது. நன்றாகவே தோன்றியது. அது அவர் கை இல்லை, மார்லிஸ் கை என்பதுதான் பிரச்சினை.

ஜனவரி 7

மாலை அவர் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டேன். மார்லிஸ் எடுத்தார். மூன்று வாக்கியத்தில் சொன்னேன். "அப்படியா" என்று வைத்துவிட்டார். ஆறு வருட வேலை இந்த மூன்று வாக்கியத்தோடு போகலாம்.

ஜனவரி 9

மார்லிஸ் ஷெட்டுக்கே வந்தார். கோட்டுக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து வைத்தார்.

"சனிக்கிழமை எனக்குச் சுடற வகுப்பு. உன் பேச்சைக் கேக்காதன்னான் கர்ட்டிஸ். அடி, பார்ப்போம்."

முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் அடிக்க அடிக்க அவரே எண்ணினார். முப்பத்தாறு வரைக்கும் காகிதத்தில் சின்னச் சின்னக் குவியல். முப்பத்தேழாவது குவியல் பெரிதாக விழுந்தது. நான் விளக்கவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிச்சத்தையும் அடி."

ஐம்பதும் முடிந்தது. அந்தப் பெரிய குவியலை ஒரு தபால் உறையில் கொட்டி, கூட்டையும் குண்டையும் அதிலேயே போட்டு மடித்தார்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

"எதுக்குங்க?"

"சாயங்காலம் அவனுக்குப் பரிமாறத்தான்."

ஜனவரி 10

லாரி இறக்கினேன். மேலாளர் அறைக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஜனவரி 13

வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால் ஷெட் வாசலில் பச்சை மெஷின். படுதா போட்டு, பனி படாமல் கட்டியிருந்தது. கைப்பிடியில் ஒரு சீட்டு, கர்ட்டிஸ் கையெழுத்து: "மறுபடியும் பிரித்துப் பார்க்கவும். அவசரமில்லை."

கடைசிச் சொல்லை அவர் எழுதி நான் பார்த்ததில்லை. சொல்லியும் கேட்டதில்லை. லூயனிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள்.

"முப்பத்தொரு பெட்டிக்கு வராத நிதானம் ஒரு பெட்டிக்கு வந்திருச்சு பாரு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் அப்படியேதான் இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 17

என் மெஷினை அலமாரியில் ஏற்றிவிட்டேன். மேஜையில் அவருடையது மட்டும். அவர் ஸ்பிரிங் அவர் மெஷினுக்குள். ஐந்நூறு முறை தள்ளிப் பார்த்தேன். ஐந்நூறு டிக். என் ஸ்பிரிங் மஃபின் தட்டின் பன்னிரண்டாவது குழியில் கிடக்கிறது. என் மெஷின் இனிச் சத்தம் போடாது.

இன்று கர்ட்டிஸ் இறக்குமிடத்துக்கே வந்தார். மெஷின் ஆயிற்றா என்று கேட்க நினைத்தார்போல. கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஆகிவிட்டது, மூன்று வாரத்துக்கு முன்பே. இன்னும் கொடுக்கவில்லை. அவசரமில்லை என்று எழுதியிருக்கிறாரே.