உத்தமன் கல்யாண டிஸ்க்

நீலசந்திரா, பெங்களூர்
20-7-2008, ஞாயிறு

அன்புள்ள ரக்ஷா அப்பாவுக்கு,

பாஞ்சாலி எழுதுவது. நானும் குழந்தையும் நலம். ரக்ஷாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஸ்கூலில் அவளைக் கன்னடப் பாட்டுக்குச் சேர்த்திருக்கிறார்கள், வீட்டில் ஒருவர் காதும் சும்மா இல்லை. மஸ்கட்டில் வெயில் எப்படி என்று கேட்க மாட்டேன். கேட்டால் "ஏதோ இருக்கு" என்பீர்கள்.

வியாழக்கிழமை பேச்சு பாதியில் நின்றதே, போன் கார்டு தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். தீரவில்லை. நான்தான் வைத்தேன். திரும்பப் போனில் சொன்னால் குறுக்கே பேசித் தடுப்பீர்கள், அதனால் எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வருவதற்குள் கோர்ட்டில் எல்லாம் முடிந்திருக்கும். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

லீவு முடிந்து கிளம்பும் முன் நம் வீடியோ கடை மிக்ஸிங் கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போட்டுவிட்டுப் போனீர்கள். புது எடிட்டிங் சாஃப்ட்வேர் பழையதில் ஓடாது என்றீர்கள். சரி, அது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வெளியில் வைத்து ஒயர் மாட்டும் கறுப்பு ஹார்ட் டிஸ்க் பெட்டி அன்றிலிருந்து திறக்கவில்லை. உத்தமன், வீணா கல்யாணம் முழுக்க அதில்தான் இருக்கிறது. கேசட்டில் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே கேசட்டில் அடுத்த விசேஷத்தை எடுப்பதுதானே நம் வழக்கம். அதன்மேல் யாரோ ஒருவர் வீட்டு வளைகாப்பு ஏறிவிட்டது.

தெரிந்தே செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்போது வீணாவின் பெரியப்பா அப்பாதுரை எல்லோரிடமும் சிரித்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது, உத்தமன் பெண்ணைக் கடத்திவிட்டான் என்று புகார் கொடுத்திருக்கிறார். உத்தமன் ஜெயிலில். வீணாவைக் கோலாரில் அத்தை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். புத்த விகாரையில் நடந்த கல்யாணத்தை இன்னும் பதிவு செய்யவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்களில் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல வரமாட்டேன் என்கிறார்கள். அவள் மனசார மாலை போட்டாள் என்பதற்கு அந்தப் படம் ஒன்றுதான் இருக்கிறது. நாளை ஜாமீன் மனு வருகிறது.

டிஸ்க் திறக்கவில்லை என்று முதன்முதலில் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாளே அப்பாதுரை கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாமேம்மா, அப்டியே உட்டுடு. இதுல உனுக்கு எதுக்கு பேஜாரு" என்றார். அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். உங்கள் விசா அவர் மைத்துனர் கையால் வந்தது என்பதை நான் மறக்கவில்லை. வியாழக்கிழமை நீங்களும் அதையே சொன்னீர்கள். "நாமளா கெடுத்தோம், அதுவா கெட்டுச்சு, போச்சுன்னு சொல்லிடு." எல்லோருக்கும் வசதியாகக் கெட்டுப்போன டிஸ்க்கை இப்போதுதான் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இது போச்சு மேடம். உள்ள இருக்கறத மறந்துடுங்க, ஃபார்மட் அடிச்சுத் தரேன்" என்றார். அவர் கம்ப்யூட்டரிலும் புது விண்டோஸ்தான் இருந்தது. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஓஸ்வால்டின் பிரௌசிங் சென்டரில் இன்னும் பழைய விண்டோஸ் என்று ஞாபகம் வந்து அங்கே போனேன். உத்தமன் பெயரைச் சொன்னதும் கம்ப்யூட்டர் ஒன்றும் காலியில்லை என்றார். பாதி கம்ப்யூட்டர் சும்மாதான் கிடந்தது. அவரை நான் திட்டவில்லை. சொந்த வீட்டு ஆளே பயப்படும்போது அவரைச் சொல்லி என்ன.

நம் கடைக்கு வந்து திரும்ப மாட்டி, ஸ்கிரீனில் வருவதை நிதானமாகப் படித்தேன். பெட்டிக்கு டிரைவர் சாஃப்ட்வேர் கேட்கிறது. நீங்கள் வைத்திருந்த குட்டி சிடியைப் போட்டால் இது பழைய விண்டோஸுக்கு, ஆகாது என்கிறது. டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்போதுதான் உறைத்தது. பெட்டி வேறு, டிஸ்க் வேறு. தனியாக வாங்கிவந்த டிஸ்க்கை அந்தப் பெட்டிக்குள் வைத்து நீங்கள்தானே ஸ்க்ரூ முடுக்கினீர்கள். புது விண்டோஸுக்குப் பிடிக்காதது பெட்டிதான் என்றால், பெட்டி எதற்கு?

நேற்று மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். டிஸ்க்கை வெளியே எடுத்து, கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து, பழைய டிஸ்க்கின் ஒயரிலேயே மிச்சமிருந்த இடத்தில் சொருகினேன். கம்ப்யூட்டரே ஸ்டார்ட் ஆகவில்லை. கடையையே கொன்றுவிட்டேன் என்று அழுதேன். அழுதுவிட்டு, அதைப் பிடுங்கி, டிவிடி ரைட்டருக்குப் போகிற ஒயரைக் கழற்றி அதில் மாட்டினேன். ஏற்றுக்கொண்டது. திறந்தால் எல்லாம் இருக்கிறது, ஒன்றும் போகவில்லை.

படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, ரைட்டரைத் திரும்ப மாட்டி, டிவிடி எழுதும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வீணா சிரித்துச் சிரித்து மாலையைத் தப்பாகப் போடுகிறாள். அவளிடம் மாலையை எடுத்து நீட்டுவது நீங்கள். "கழுத்துலம்மா, காதுல இல்ல" என்கிறீர்கள். உத்தமனுக்கு அண்ணன் இல்லை என்று அந்த இடத்தில் போய் நின்றீர்கள். முகம் பளிச்சென்று தெரிகிறது, குரலும். போனில் நீங்கள் ஏன் "போச்சுன்னு சொல்லிடு" என்றீர்கள் என்று அப்போது புரிந்தது.

உங்களை வெட்டி எடுப்பது எனக்குப் பெரிய வேலையில்லை. தொழிலே அதுதான். ஆனால் உத்தமனுடைய வக்கீல் ஞானசேகரன், வெட்டு ஒட்டு இல்லாமல் முழுசாக வேண்டும், ஒரு இடம் குதித்தாலும் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும் என்றார். அவர் சொல்லாவிட்டாலும் வெட்டியிருக்க மாட்டேன். உங்களுடைய நல்ல முகம் எனக்கு அதில்தான் இருக்கிறது. இன்று காலை டிவிடியை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

இதனால் உங்கள் வேலை போகலாம். போகட்டும். வாருங்கள். நான் கேமரா பிடிக்கிறேன், நீங்கள் லைட் பிடியுங்கள். அப்பாதுரை இனி வந்தாலும் நாற்காலி போடப்போவதில்லை. அந்த மனிதரைப் பார்த்து நான் பயப்படவில்லை என்று எழுத ஆசை. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிவிடி கொடுத்துவிட்டு உத்தமன் அம்மாவைப் பார்க்க ஈஜிபுரா போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு யாரும்மா இதெல்லாம் சொல்லிக்குடுத்தது" என்று கேட்டார். மஸ்கட்டிலிருந்து போன் போட்டு, எப்பாடு பட்டாவது அதைத் திற என்று ரக்ஷா அப்பாதான் சொன்னார் என்றேன். அந்த அம்மா உங்கள் பெயரைச் சொல்லி, "என் இளங்கோவன், என் இன்னொரு பிள்ளை" என்று தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்து வீட்டில் அவருக்குப் போன் வரும், நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடிதம் கிடைத்த அன்றே பேசுங்கள். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பாஞ்சாலி