பலகைக்கு அடியில்

அண்ணா,

அம்மா படுக்கிற கீழ்த்தள அறையில் நீ ஆசையாகப் போட்ட மரத்தரையைக் கடப்பாறையால் பெயர்த்துவிட்டேன். கத்துவாய் என்று தெரியும். கத்து.

அங்கே அடித்த வாடை அம்மாவுடையது என்றாய். "வயசாயிடுச்சு, அவங்களுக்கே தெரியல. முதியோர் இல்லத்துல சேத்துடலாம்" என்றாய். அது காதில் விழுந்ததிலிருந்து அம்மா குளித்துக் குளித்தே சளி பிடித்துக் கிடந்தாள்.

பலகைக்கு அடியில் தண்ணீர் போகிற பழைய துளை இருந்தது. தரை சமமாக வரவேண்டும் என்று உன் ஆட்கள் அதைச் சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். சுவரில் ஊறி இறங்கிய மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே அழுகிக் கிடந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அப்ப நாறினது நான் இல்லையாடி?" என்றாள்.

அவள் எங்கேயும் போகமாட்டாள். இப்போது மாடியில், உன் அறையில் படுக்கிறாள். நீ வந்தால் கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது. வாடை இன்னும் முழுக்கப் போகவில்லை.

உன் தங்கை