இரண்டு என்று எழுதிக் கொடுத்த மண்ணீரல்

ஆகஸ்ட் 5

ஸ்கேன் சென்டரில் இன்று திருவிழாக் கூட்டம். சாப்பிடக்கூட முடியவில்லை. நடுவில் ஒரு அவசர கேஸ்: ராஜபாண்டி, முப்பத்து நான்கு வயது, பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. பொங்கலூர் அருகே பைக்கில் விழுந்து ஹேண்டில்பார் இடது விலாவில் குத்தியிருக்கிறது. மண்ணீரலில் இரண்டு சென்டிமீட்டர் கிழிசல். காயத்தின் தீவிரத்தில் ஐந்துக்கு இரண்டாம் தரம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 8

ராஜபாண்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம் சர்ஜன். "நீங்க ரெண்டுன்னு போட்டீங்கல்லங்க, அது போதுங்க" என்றார்.

ஆகஸ்ட் 10

டாக்டர்கள் கூட்டத்தில் மண்ணீரல் காயங்களைத் தரம் பிரிப்பது பற்றி நான் பேச வேண்டும். இரண்டாம் தரத்துக்கு உதாரணம் காட்டலாம் என்று ராஜபாண்டியின் படங்களைத் திறந்தேன்.

கிழிசலுக்குப் பக்கத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளி. ரத்தக்குழாய் சேதமாகிப் புடைத்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். இது இருந்தால், கிழிசல் எத்தனை சின்னதானாலும் நான்காம் தரம். எனக்குத் தெரியாதா? ஊருக்கே பாடம் எடுக்கக் கிளம்பியவள்தானே நான்! அய்யோ, எப்படிப் பாக்காம விட்டேன்?

அவர் எண்ணுக்கு அடித்தேன். பனியன் கம்பெனி சூப்பர்வைசர் எடுத்தார். "ஷிப்மென்ட் அவசரம்னு வந்தாருங்க. இப்பத்தான் துணி ரோலைத் தூக்கிட்டு, தலை சுத்துதுன்னு உக்காந்தாருங்க."

ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன்.

ஆகஸ்ட் 11

வயிற்றில் இரண்டு லிட்டர் ரத்தம். மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது.

ஆகஸ்ட் 13

பார்க்கப் போனேன். அவர் மனைவி ராமுத்தாய் கும்பிட்டார். "நீங்க போன் போடலேன்னா எங்க வீட்டுக்காரரு பொழச்சிருக்க மாட்டாரும்மா." வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன். என்ன பிறவி நான்?

தப்பு என்னுடையது என்று ரிப்போர்ட்டில் எழுதப்போவதாகச் சென்டர் முதலாளி சசிகுமாரிடம் சொன்னேன். "எதுக்குங்க டாக்டர்? தப்புங்கற வார்த்தையே வேண்டாமுங்க. புதுசா ஒன்னு அடிச்சுக் குடுத்துருங்க. சென்டர் பேரு கெட்டுப்போயிருமுங்க."

ஆகஸ்ட் 14

இன்னும் எழுதவில்லை. கூட்டத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 19

எழுதிவிட்டேன். 'முதல் அறிக்கையில் நான் கவனிக்கத் தவறியது' என்ற வரியோடு. நானே வார்டுக்குக் கொண்டுபோனேன்.

"இங்கிலீசுல என்னம்மா போட்டிருக்கு?" என்றார் ராமுத்தாய். சிரித்து மழுப்பியிருக்கலாம். சொன்னேன்.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, அன்னைக்கு எங்கள வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

எழுந்து போய்க் கணவரின் போர்வையை இழுத்துவிட்டார். நான் கிளம்பும்வரை என் பக்கம் திரும்பவில்லை.