பெரியம்மாவின் இருமல்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரையும் தவறவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்து நீ கிளம்பிய அன்று விமான நிலைய வாசலில் நின்று, அப்பாவுக்கு முடியலைன்னு உனக்கு எப்பம்மா தெரியும் என்று கேட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குத்தான்டி என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் காரின் ஹீட்டரிலிருந்து தொடங்கினால்தான் என்னால் எழுத முடியும், பொறுமையாகப் படி.

காரை விற்றுவிடு என்று நீ சொன்னதால் விளம்பரம் கொடுத்தேன். பழைய கார்கள் சேர்க்கும் ஒரு பல் டாக்டர் வந்தார். பெயின்ட், சீட், இன்ஜின் எல்லாவற்றையும் தட்டித் தடவிப் பார்த்தார், திருப்தி. ஹீட்டரைப் போட்டதும் முகம் மாறிவிட்டது. உனக்குத் தெரியும், நம் பெரியம்மா போன குளிர்காலம் முழுவதும் இருமிக்கொண்டுதான் இருந்தாள். அப்பா காருக்கு வைத்த அந்தப் பெயரை நானும் பல் டாக்டர் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாரம் பூரா பல்லு ராவி இந்தச் சத்தத்தைத்தாங்க கேக்கறேன், லீவு நாள்லயும் கேக்கணுமா, சரி பண்ணி வைங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன் என்று போய்விட்டார். ஒர்க்‌ஷாப்காரருக்கு ஃபோன் செய்தால், டேஷ்போர்டைப் பூரா இறக்கணும்மா, ரெண்டு வாரம் ஆகும் என்கிறார். சரி, நானே பார்ப்போம் என்று இறங்கினேன். இப்போதெல்லாம் கைக்கு ஏதாவது வேலை இருந்தால் போதும் என்றிருக்கிறது. அவ கல்லு மாதிரி இருக்கா, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை என்று உன் அத்தை எல்லோரிடமும் சொல்கிறாளாம். அவள் சொல்வது பொய்யில்லை. துணி துவைக்கிறேன், பேப்பர் படிக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரி சொல்வதற்குத் தலையாட்டுகிறேன், உள்ளே ஒன்றும் நடப்பதில்லை.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தேய்மானமாக இருக்கும் என்று நினைத்து, தையல் மெஷின் எண்ணெயைக் காற்று வரும் ஓட்டை வழியாகவே ஊற்றிவிட்டேன். சத்தம் குறையவில்லை, வண்டிக்குள் இரண்டு நாள் தையல் கடை வாசம். அப்புறம்தான் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பெட்டியை நான்கு ஸ்க்ரூ கழற்றி எடுத்தேன். டேஷ்போர்டை இறக்கவே வேண்டியதில்லை, அதற்குப் பின்னால்தான் ஹீட்டரின் கறுப்புக் கூடு. இன்னும் மூன்று ஸ்க்ரூ, ஒரு ஒயர். மோட்டார் விசிறியோடு கையில் வந்துவிட்டது. அணில் கூண்டில் சுற்றுமே, அந்த மாதிரி ஒரு சக்கரம். அது தண்டிலிருந்து நழுவிப்போய்க் கூட்டின் ஓரத்தில் உரசி, அங்கே பளபளவென்று ஒரு வட்டமே விழுந்திருந்தது. சக்கரத்தைத் தண்டோடு பிடித்துவைக்கும் குட்டி ஸ்க்ரூவை நகத்தால் தொட்டேன். நகத்துக்கே திரும்பியது. அதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை பாப்பு. எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

போன வருஷம் குளிர் தொடங்கிய வாரம், அப்பா புது மோட்டார் வாங்கிவந்து தானே மாட்டினார். டார்ச் பிடித்தது நான். அந்தக் குட்டி ஸ்க்ரூவை முடுக்க வளைந்த சாவியை எடுத்தார், விரலிலிருந்து நழுவிக் கால்மிதியில் விழுந்தது. எடுத்துக்கொடுத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை என்னைப் பார்க்காமலே, குளிர்ல விரல் மரத்துப்போச்சு, போதும், இறுகிடுச்சு என்றார். ஷெட்டில் அப்படி ஒன்றும் குளிர் இல்லை. வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார், வீட்டுக்குள் வந்து டம்ளரை இடது கையால் எடுத்தார். நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு வாரத்தில் சத்தம் வந்தது. பெரியம்மாவுக்குச் சளி பிடிச்சிருக்கு என்று ரேடியோவைக் கூட்டிவைத்தார். நானும் சிரித்தேன். டாக்டரிடம் போக ஐந்து மாதம் ஆயிற்று. தலையில் கட்டி என்று சொல்லிவிட்டு, கையில முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். நானும் இல்லை என்றேன்.

ஏன்மா என்று நீ கேட்பாய். யோசித்துப் பார்த்துவிட்டேன், சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் இல்லை. மோட்டார் மாட்டிய அன்று சாயங்காலம் உட்கார்ந்து துணி மடித்தேன். அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பெரியம்மா மூச்சே விடலை பாரு என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த முகத்தோடு அவர் இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன், அவ்வளவுதான். முன்பே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்கவில்லை. நீ கேட்க வேண்டுமானால் கேள், நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

சக்கரத்தை இடத்துக்கு நகர்த்தி, அதே வளைந்த சாவியை இரண்டு கையாலும் பிடித்து ஸ்க்ரூவை முடுக்கினேன், உள்ளங்கையில் தடம் பதிகிற வரைக்கும். எல்லாவற்றையும் மாட்டி ஹீட்டரைப் போட்டேன். சத்தமே இல்லை, வெதுவெதுவென்று காற்று மட்டும் வந்தது. அரை நிமிஷ வேலை பாப்பு. டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, குடுங்க நான் முடுக்கறேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வருகிறார். கார் வேண்டுமென்றால் அதற்குள் சொல், நிறுத்திவைக்கிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். கோபமாக இருந்தாலும் ஃபோன் பண்ணு, திட்டினாலும் வைத்துவிட மாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசிகள், நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்திருங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. உனக்கோ மாப்பிள்ளைக்கோ கை மரத்தாற்போல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். குளிர் என்று அவர் சொன்னாலும் நீ நம்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா