நம் ஊர் பங்க்கில் கிடைக்காத எரிபொருள்

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

நானும் குட்டியும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், எஞ்சின் மேல் இருக்கும் ஏர் பாக்ஸ் மூடியில் டேப் போட்டு ஒட்டி அனுப்புகிறேன். தபாலில் வந்தால் பிரிப்பீர்களோ மாட்டீர்களோ, வண்டி வந்து இறங்கியதும் பானெட்டைத் திறந்து பார்க்காமல் உங்களால் இருக்க முடியாது. அந்த அளவுக்காவது உங்களை எனக்குத் தெரியும். டேங்கில் ஒரு சொட்டு ஊற்றுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள். எஞ்சினைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. முதலிலேயே எழுதினால் அதை மட்டும் படித்துவிட்டு மற்றதை மடித்து வைத்துவிடுவீர்கள். அதனால் கடைசியில்தான் எழுதப்போகிறேன்.

நீங்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பிப் போனபோது வண்டி ஷெட்டில் ஸ்டாண்டுகள் மேல் வெறும் கூடாக நின்றது. பாகங்களை அங்கிருந்து அனுப்புகிறேன், நீயும் மெக்கானிக் மூக்கனும் மாட்டி வையுங்கள், எஞ்சின் கிளம்பிய வாரமே வந்து முதல் ஓட்டு நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். குட்டி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பினால் அப்பா வருவார், அவள் கணக்கு அவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொன்னால் என் கணக்கும் அதுவேதான்.

முதல் பார்சலில் எஞ்சினுக்குள் காற்றை விடுகிற இன்டேக் வந்தது. பழைய ஒற்றை த்ராட்டிலுக்குப் பதிலாக சிலிண்டருக்கு ஒன்றாக நாலு த்ராட்டில், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு அலுமினியக் குழல். சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்ததும் குட்டி ஒவ்வொன்றிலும் வாயை வைத்து ஊதிப் பார்த்தாள். எஞ்சினோடு சேர்த்துப் பார்த்தபோது இரண்டு துளைகளின் விளிம்பு ஒரு நகக்கனம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போகிற காற்று அங்கே முட்டிக்கொள்ளும், ராவித்தான் ஆகவேண்டும் என்றார் மூக்கன். பட்டறையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. வண்டிப் புகையை மோந்தே பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்லுகிற மனிதருக்கு இன்னொருத்தர் கை மேல் எப்படி நம்பிக்கை வரும்?

நான் பல் செட் செய்கிறவள்தானே. லேபிலிருந்து என் பழைய கை மெஷினையும், கடி பார்க்கும் நீலத் தாளையும் கொண்டுவந்தேன். தாளை நடுவில் வைத்து அழுத்தினால் எங்கே முட்டுகிறதோ அங்கே நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் ராவ வேண்டும், பிறகு மறுபடி தாள், மறுபடி ராவல். யாரோ ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப் பல் பொருத்துவதும் இதுவும் ஒரே வேலைதான். பெரியவர்தான் நடுநடுவே ஏதாவது கேட்டுத் தொலைப்பார், எஞ்சின் வாயைத் திறந்தபடி சும்மா கிடந்தது. பல்லுக்காரி பல்லுக்காரி என்று என்னை எவ்வளவு கிண்டல் செய்திருப்பீர்கள்! மூக்கன் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, சேர்ந்த இடமே தெரியவில்லை என்றார். அதை உங்களிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. வேலையாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தடுத்து பெரிய பம்ப், எரிபொருளைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள், உள்ளே வேறு மாதிரிப் பூச்சு போட்ட எரிபொருள் டியூப்கள் எல்லாம் வந்தன. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்த டியூப் எதன் அடியில் போகவேண்டும் என்று பார்சலுக்குப் பார்சல் எழுதி வைத்திருந்தீர்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்க அந்தத் தாளில் நிறையவே இடம் இருந்தது.

கடைசியாக மூக்கன் தன் லேப்டாப்பையும் ஒயர்களையும் தூக்கிக்கொண்டு ட்யூனிங் செய்ய வந்தார். சாவியைத் திருப்பியதும் இரண்டு தடவை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாலு குழலும் சேர்ந்து காற்றை உறிஞ்சுகிற சத்தத்தில் ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. குட்டி எங்கே என்று திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நின்ற இடத்தில் எஞ்சின் குலுங்கிக்கொண்டே இருந்தது. மூக்கன் என்னென்னவோ மாற்றிப் பார்த்தார். பிறகு இன்ஜெக்டர் மேல் இருந்த எண்ணைக் குனிந்து படித்தார், டியூபைக் கிள்ளிப் பார்த்தார், லேப்டாப்பை மூடிவிட்டார். நான் விடாமல் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். ‘இது நம்ம பெட்ரோலுக்கு வாங்கினது இல்லம்மா. முக்கால்வாசிக்கு மேல ஆல்கஹாலே இருக்கிற எரிபொருளுக்கு வாங்கினது. அதைப் பெட்ரோலை விட நிறைய ஊத்தணும், அதான் இவ்வளவு பெரிய இன்ஜெக்டர். சாதா ரப்பரை அது தின்னுடும், அதான் இந்த டியூப். நம்ம ஊர்ல எந்த பங்க்லயும் அது கிடையாது’ என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் மடச்சி, அவரோடு வாதாடினேன். பின்னால் ஒருநாள் இங்கேயும் வரும் என்று யோசித்து வாங்கியிருப்பார் என்றேன். மறுநாள் லேபுக்குப் போகிற வழியில் இருக்கிற பங்க்குகளில் எல்லாம் இறங்கிக் கேட்டேன். ஒருத்தர் சிரித்தார், ஒருத்தர் அப்படி ஒன்று இருக்கிறதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். நீங்கள் குட்டிக்கு அனுப்பிய ஒரே ஒரு போட்டோ இருக்கிறதே, பங்க்கில் நின்றுகொண்டு எடுத்தது, அதில் உங்கள் தோளுக்குப் பின்னால் மஞ்சள் பம்ப் ஒன்று தனியாக நிற்கிறது. மூக்கன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்த எரிபொருள் பம்ப் இதுதான் என்று போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் போட்டோவில் இத்தனை நாளும் உங்கள் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறமும் கொஞ்சம் நம்பிக்கை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கப்பல் கம்பெனிக்காரர் போன் செய்ததும் அதுவும் போனது. வண்டியை எப்போது எடுக்க வரலாம் என்று கேட்டார். எல்லாம் உங்க வீட்டுக்காரர் ஏற்பாடு செய்துவிட்டாரே, உங்களிடம் சொல்லவில்லையா என்றார். சொன்னார் சொன்னார் என்று சமாளித்தேன். முன்பின் தெரியாத மனிதரிடம் உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன் பாருங்கள். டேங்க் காலியாக இருந்தால்தான் கப்பலில் ஏற்றுவோம் என்றார்.

மூக்கனைக் கூப்பிட்டு, வண்டியை நம் பெட்ரோலுக்கே செட் பண்ணிக்கொடுங்கள் என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இன்ஜெக்டர் பெரிதாக இருப்பதால் நின்ற இடத்தில் கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும், ஓட்டத்தில் குறை இருக்காது என்றார். இருக்கவும் இல்லை. டேங்கைத் திறந்து விட்டுக் காலி செய்திருக்கலாம். நான் ஓட்டியே காலி செய்தேன்.

குட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டேன். உயரம் பத்தாமல் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை என்று அவளே ஒரு பழைய தலையணையை மடித்துத் தைத்து மெத்தை செய்து வைத்திருக்கிறாள். முதல் ஓட்டு அப்பாவோடு போவதற்கென்று எப்போதோ தைத்தது. ஊரைச் சுற்றி இருக்கிற ரோட்டில் திரும்பத் திரும்ப ஓட்டினேன். காலை லேசாக அழுத்தினால் போதும், முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. நீங்கள் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. அவ்வளவு நல்ல வண்டி. பெட்ரோல் முள் கீழே போகப் போக குட்டி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். வண்டிதான் அப்பாவிடம் போகிறது, அப்பா இப்போதைக்கு வரமாட்டார் என்று சொன்னேன். மெத்தையின் தையலை விரலால் தடவினாள். பிறகு, ‘நாம ஏதாவது தப்பா மாட்டிட்டோமாம்மா?’ என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். நான் சொன்னால் நம்புகிற வயதைத் தாண்டிவிட்டாள். வண்டி திணறி நின்றதும் இறங்கி இருவரும் ஓரமாகத் தள்ளினோம். மூக்கன் வந்து கயிறு கட்டி இழுத்துவந்தார்.

இப்போது அந்த முக்கியமான விஷயம். வண்டியில் இருப்பது நம் பெட்ரோலுக்கான செட்டிங். அதை மாற்றாமல் உங்கள் மஞ்சள் பம்ப்பில் நிரப்பினீர்கள் என்றால் முதலில் நன்றாகத்தான் ஓடும். ஆனால் உள்ளே வருகிற காற்றுக்கு எரிபொருள் போதாது. நீங்கள் வேகமெடுத்து சந்தோஷப்படுகிற நேரத்தில் சூடேறி பிஸ்டனில் ஓட்டை விழும் என்று மூக்கன் சொன்னார். தெரிந்த ஆளிடம் காட்டி மாற்றிவிட்டு ஊற்றுங்கள். இந்த வரிகளை எழுதாமலே விட்டுவிடலாமா என்று பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் மேல் அவ்வளவு ஆத்திரம் இருக்கிறது. எஞ்சின் போனால் போகட்டும். அந்த வேகத்தில் அது உடையும்போது உள்ளே இருக்கப்போவது நீங்கள். அதனால் எழுதிவிட்டேன்.

அங்கே உங்களோடு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வாருங்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டால் வருகிறவர் வண்டியைக் கப்பலில் கூப்பிட்டிருக்க மாட்டார். குட்டிக்கு ஒரே ஒரு தடவை போன் செய்யுங்கள். எல்லாவற்றையும் சரியாகத்தான் மாட்டியிருக்கிறாய் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம்.

வண்டி பத்திரமாக வந்து சேரட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பக்கத்து சீட்டில் அவள் மெத்தை அப்படியே இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை ஷெட்டுக்குப் போனேன், கை வரவில்லை. அந்த இடம் வேறு யாருக்காவது வேண்டுமென்றால் நீங்களே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
குட்டி அம்மா