நானூற்றுப் பன்னிரண்டு குடைகள்

கடிதம் எண் 37
நாள்: 19 நவம்பர் 2023, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: காலை 7.40

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம், சமையலறைக் குழாய் மட்டும் நலமில்லை, அதைத் தவிர வீட்டில் எவருக்கும் ஒழுகல் கிடையாது. நீயும் வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி, நலமாயிருப்பாய் என்று நம்பியே இதைத் தொடங்குகிறேன். நீ புறப்பட்டு இன்றோடு சரியாக முப்பத்தேழு வாரம் ஆகிறது. சென்ற ஞாயிறு தொலைபேசியில், "அப்பா, ஆபீஸ்ல ஏதோ பிரச்சினைன்னு அம்மா சொன்னாங்களே" என்று கேட்டாய். தொலைபேசியில் சொல்லக்கூடிய நீளத்தில் அந்த விவகாரம் அமையவில்லை. மேலும், அலுவலகங்களுக்குக் கணினித் திரை வடிவமைப்பதே உன் தொழிலாதலால், இதை நீ எழுத்தில் படிப்பதே முறை.

பேருந்து நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காக்கும் எங்கள் அறைக்கு மார்ச் முதல் தேதி கணினி வந்ததை நீ அறிவாய். ஒரு பொருள் வந்தால் அது இன்ன வகை என்று திரையிலுள்ள பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும், இல்லையேல் அடுத்த பக்கம் திறவாது. வகைகள் முப்பத்தெட்டு, அவற்றில் ஓர் ஒழுங்கும் இல்லை, முதலில் நிற்பது குடை. சன்னலுக்கு வெளியே வரிசை நீள, நாங்கள் குடையையே அழுத்திவிட்டு, கீழே குறிப்புக் கட்டத்தில் உண்மையில் அது என்ன, எந்த இருக்கையில், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று எழுதிவந்தோம். தேடி வருவோருக்கு ஒரு குறையும் இல்லை. குறிப்பைப் பார்த்து இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவோம். ஆனால் தலைமை அலுவலகத்துக்குப் போகும் அறிக்கை குறிப்பைப் படிப்பதில்லை, வகையை மட்டுமே எண்ணுகிறது. அக்டோபர் 30 அன்று மண்டல அதிகாரியிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. வந்த பொருள்கள் 431, அவற்றில் குடைகள் 412, ஆகவே வாசலருகே குடைத் தாங்கிகள் பத்து வைத்தால் பயணிகள் தாமே எடுத்துக்கொள்வர், அறையும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

எனக்கென்ன, நான் ஓய்வுபெற்றபின் வாரத்தில் மூன்று நாள் மட்டும் போகிறவன். ஏழு நாளும் நான் வீட்டிலிருந்து அலமாரிகளை ஒழுங்குபடுத்துவேன் என்பது உன் அம்மாவின் கவலை, அதை விடு. என்னோடு பணிபுரிந்து, வரிசையில் நிற்போருக்கு டோக்கன் கொடுக்கும் டோக்கன் அக்காவை (என்னைவிடப் பதினான்கு வயது இளையவர், ஊரே அக்கா என்பதால் நானும் அப்படியே) ஜனவரி முதல் நகரின் மறுகோடியிலுள்ள பணிமனைக்கு மாற்றி உத்தரவிட்டுவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறிப் போய், பிள்ளையின் பள்ளி விடுவதற்குள் அவரால் திரும்ப இயலாது. அன்று அவர், "அண்ணே, வேலைய விடறதத் தவிர வேற வழியில்ல, வீட்டுல நான் குடை பிடிச்சிக்கிட்டு உக்காந்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 9, வியாழன், பகல் 11.15-க்கு அதிகாரியை நேரில் அழைத்து அறையைக் காட்டினேன். உன் வயதுதான் இருக்கும், மரியாதையான பிள்ளை. குடை எண் 212 என்றேன், ஊன்றுகோல் வந்தது. குடை எண் 305, ஒரு பல் செட்டு. குடை எண் 340, ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி, அதில் அவர் தம் முகத்தையே பார்த்தார். "ஐயா, ஒரே ஒரு குடையாவது காட்டுங்களேன்" என்றார். டோக்கன் அக்கா உள்ளேயிருந்து பதினொரு குடைகளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டு, "இதெல்லாம் 'மற்றவை'ல இருக்கு சார், குடைன்னு போட்டா குடைன்னு யார் நம்புவாங்க?" என்றார். அதிகாரி நாற்காலியில் அமர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, இதை யார் தொடங்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். மற்றவர்கள் என்னைப் பார்த்தே செய்தார்கள், நிலையத்துக் கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தினாலும் திருத்துகிறவர் செய்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார்கள். 412 பதிவையும் டிசம்பர் 31-க்குள் நானும் அக்காவும் திருத்தினால் உத்தரவையும் மாற்றலையும் திரும்பப் பெறுவதாக அவர் எழுதிக் கொடுத்துள்ளார். நேற்று மாலைவரை 168 முடிந்தது. ஆகையால் மகளே, நீ வடிவமைக்கும் எந்தப் பட்டியலிலும் முதல் வரியில் ஒரு பொருளையும் வைக்காதே, அதை வெற்றாக விடு. அறிக்கை கேட்பவரை மாதம் ஒருமுறை அறைக்குள் வந்து பார்க்கவும் சொல்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றும் அதிகாரி கேட்டார். வரிசை நீளம் என்றேன். அது உண்மை, ஆனால் முதல் பதிவுக்கு அது உண்மையன்று. முதல் எட்டுப் பொருள்களுக்கும் நான் சரியான வகையையே தேடிப் பதிந்தேன். ஒன்பதாவது மார்ச் 5, ஞாயிறு, காலை 6.50-க்கு, நான்காம் நடைமேடை இருக்கையில் கிடைத்தது. உன் பேருந்து கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா பின்னிய சாம்பல்நிறக் கையுறை, இடக்கை, நூல் போதாமல் கட்டைவிரல் மட்டும் பச்சை. வீட்டுக்குக் கொண்டுபோனால் அவள் மறுபடி அழுவாளே என்று அறையிலேயே பதிந்தேன். அப்போது திரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முதலில் இருந்ததை அழுத்திவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். நேற்று அந்தப் பதிவைத் திருத்தி, கையுறை என்று போட்டேன்.

உரியவர் வராத பொருள் ஓராண்டு முடிந்தால் ஏலத்துக்குப் போகும். இதற்குக் கெடு 4 மார்ச் 2024, திங்கள். மகளென்பதற்காக விதியைத் தளர்த்த இயலாது. நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் பெற்று வாழ்க. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. எனக்கு ஒன்பது மணிக்கு முறை, கிளம்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

இணைப்பு:
1. முப்பத்தெட்டு வகைப் பட்டியல், என் திருத்தங்களுடன் (சிவப்பு மை).
2. அம்மாவின் கடிதம். நான் படிக்கவில்லை, ஒட்டும்போது இரண்டு வரி கண்ணில் பட்டது.
3. உரிமை கோரும் படிவம், ஒரு தாள்.
4. கையுறை, இடக்கை: இணைக்கப்படவில்லை. வலக்கைக் கையுறையுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.