'முழு ஒலி' என்ற பச்சை எழுத்து

ஜூலை 9, செவ்வாய்

எங்கள் ஆப்பின் புதிய பதிப்பு இன்று வெளியானது. தொட்டதும் கச்சேரி ஓடுகிறது. முன்பு போலத் திரையில் வட்டம் சுற்றிக் காக்க வைக்கவில்லை. கல்லூரியில் இருந்தே செழியனுக்கும் எனக்கும் அதுதான் பாகப்பிரிவினை — திரை அவனுடையது, ஒலி என்னுடையது. பதிந்ததைத் துளியும் சுருக்காமல் கேட்பவருக்கு அனுப்புகிறோம். அதற்காகத்தான் சந்தா கட்டுகிறார்கள்.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது என்று கேட்டேன். "சர்வரை மாத்துனேன். உனக்குப் போரடிக்கும் ஹம்சா, விடு" என்றான். விட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

வீட்டில் ஹெட்ஃபோனில் வைத்தியலிங்கம் அண்ணனின் நாகஸ்வரம் கேட்டேன். சுவாமிமலைக்குப் போய் நானே பதிந்தது. ஜாலரா ஓசை முடிகிற இடம் மணலைத் தேய்ப்பது போலிருக்கிறது. வாத்தியத்தைச் சுற்றியிருந்த காற்றைக் காணோம். திரையில் 'முழு ஒலி' பச்சையாகத்தான் எரிகிறது.

ஜூலை 15, திங்கள்

அலுவலக ஸ்பீக்கரில் மூலப்பதிவு நன்றாக இருக்கிறது. செழியனிடம் சொன்னேன். "ஸ்பீக்கர் வேற, ஹெட்ஃபோன் வேற. ஆப்ல எதுவும் மாறலை. உனக்கு சளி பிடிச்சதுல காது அடைச்சிருக்கும். டாக்டர்கிட்ட காட்டேன்." என் முகத்தைப் பார்த்துதான் சொன்னான்.

ஜூலை 22, திங்கள்

காது டாக்டர். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்திக்கொண்டே இருந்தேன். கேட்காததற்கும் அழுத்தினேனோ? காது போய்விட்டால் நான் என்ன செய்வேன்? வேறு என்ன தெரியும் எனக்கு?

கோளாறு எதுவும் இல்லையாம். "ரெஸ்ட் எடுங்க" என்றார். நம்பிக்கை வரவில்லை. அந்தக் கருவிக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கலாம்.

செழியன்தான் வண்டியில் கூட்டிப் போனான். முடிந்ததும் இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

ஜூலை 23, செவ்வாய்

இன்று எந்தப் பதிவையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அடுத்த பதிவுக்குத் தேதி வாங்க சுவாமிமலை போனேன். வைத்தியலிங்கம் அண்ணன் காபியைக் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. சிங்கப்பூர்லேர்ந்து பையன் பேசுனான். உங்க ஆப்லதான் கேப்பான். 'ஏம்ப்பா, ஊதுற சீவாளிய மாத்திட்டியா, சத்தம் காஞ்சு போயிருக்கே'ன்னான். நான் எங்க மாத்துனேன்? அவன் கேட்டதே பழைய பதிவு."

அவனுக்கும் கேட்டிருக்கிறது. எங்கோ இருக்கிறவனுக்கு.

திரும்பும் ரயிலில் அதே பதிவை ஓடவிட்டு, போனில் எவ்வளவு டேட்டா செலவாகிறது என்று பார்த்தேன். முழு ஒலிக்கு ஆக வேண்டியதில் கால் பங்குகூட ஆகவில்லை. பாபநாசம் தாண்டியதும் இன்னொரு பதிவை ஓடவிட்டேன். அதுவும் அப்படியே. சுருக்கித்தான் அனுப்புகிறான். எழுத்து மட்டும் பச்சை.

என் காதில் கோளாறு இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஹெட்ஃபோனைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

கேட்டேன். மறுக்கவில்லை.

"வட்டம் சுத்துனா ஆளுங்க மூடிட்டுப் போயிடுறாங்க ஹம்சா. இப்ப யாரும் போறதில்ல. ஒருத்தரும் கண்டுபிடிக்கலை."

"நான் கண்டுபிடிச்சேனே."

லேப்டாப்பை மூடினான்.

"சரி, சுருக்குன. எழுத்தை ஏன் மாத்தலை?"

"மாத்துனா எவன் சந்தா கட்டுவான்?"

"தெரிஞ்சுகிட்டே என்னை ஏன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன?"

"நீ ரொம்பப் பயந்து போயிருந்த. தனியா அனுப்ப மனசு வரலை."

அந்தப் பயத்தக் குடுத்ததே நீதானடா. அவனிடம் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதுகிறேன். சத்தத்தச் சுருக்குனதக்கூட விடு. கூண்டுக்குள்ள நான் பயந்துகிட்டு உக்காந்திருந்தப்ப வெளியிலதான நின்ன — ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

விலகிவிட்டேன். கேட்பவர்களிடம் உண்மையை நீ சொல், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று செழியனிடம் சொல்லியிருந்தேன். இன்று அறிவிப்பு போட்டிருக்கிறான்: 'தொழில்நுட்பக் கோளாறால் சில நாட்கள் ஒலித்தரம் குறைந்திருந்தது.'

கோளாறாம்.

வைத்தியலிங்கம் அண்ணனுக்கு போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "நீங்க சொன்னதாலதாம்மா பதிவு குடுத்தேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 11, புதன்

செழியன் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

சொந்தமாக ஆரம்பித்த ஆப்பில் ஒலி சுத்தமாக இருக்கிறது. கச்சேரி தொடங்கத்தான் தாமதம். வந்தவர்களில் பாதிப் பேர் காத்திருக்காமல் மூடிவிடுகிறார்கள். செழியன் அதில் பொய் சொல்லவில்லை.

திரை வேலைக்குச் சேர்ந்திருக்கும் அஃப்ரீன் பூதலூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறாள். போன வாரம் அவள்தான் சொன்னாள்: "தொட்டதும் சுருக்குன சத்தத்தையே விட்டுடலாம்க்கா. 'சுருக்கிய ஒலி'ன்னு பளிச்சுன்னு எழுதிடுவோம். பின்னாடியே முழுசு வந்து சேந்ததும் அதுக்கு மாறட்டும், எழுத்தும் மாறட்டும். யாரையும் ஏமாத்துன மாதிரி இருக்காதுல்ல?"

மாறும் இடம் காதை இடறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்று முடித்துவிட்டோம். மொத்தமே ஒரு வார வேலைதான். செழியன் என்னிடம் கேட்டிருக்கலாம்.

ஹெட்ஃபோனைக் கழற்றியபோது அஃப்ரீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இல்லையாக்கா?"

நல்லா இருக்கு என்றேன். ஹெட்ஃபோனை அவளிடம் நீட்டிவிட்டு மறுபடி சொன்னேன்.